பைடனா, சாண்டர்ஸா, வாரனா? டிரம்பை வெல்லக்கூடியவர் யார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ரிச்மண்ட்வாசி
12 பிப்ரவரி 2020, காலை 8.15

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக நடக்கும் வாக்குப்பதிவில் (பிரைமரி) நியூ ஹாம்ப்ஷயர் முடிவு நேற்றிரவு வந்துவிட்டது. சாண்டர்ஸ் ஏறத்தாழ 26 சதவீதம், புட்டிஜெஜ் 24, குளோபுஷார் 20. எலிசபெத் வாரன் பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்துவந்த பைடன் அவருக்கும் கீழே, ஐந்தாம் இடத்தில். முடிவு தெரிவதற்கு முன்பே அவர் தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார். வர்ஜீனியாவில் எங்களுக்கு மார்ச் 3 அன்று வாக்குப்பதிவு.

நான் வாரனுக்குத்தான் வாக்களிக்கப் போகிறேன். ஆனால் அவருக்கு ஆதரவு கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களில் வாரனின் திட்டங்களைக் குறை சொன்னவர் மிகக் குறைவு. குழந்தைகள் காப்பகத் திட்டத்தையும் கல்விக்கடன் தள்ளுபடியையும் மனம் திறந்து பாராட்டுகிறார்கள். வாக்கு என்று வந்ததும் "அவர் டிரம்பிடம் தோற்றுவிடுவார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். யாருக்கு அவரைப் பிடிக்காது என்று கேட்டால், விஸ்கான்சினில் இருக்கும், இவர்கள் ஒருநாளும் சந்தித்திராத யாரோ ஒருவருக்குப் பிடிக்காதாம்.

அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் வாக்களித்தவர்களிடம் எடுத்த கணிப்பில் பத்தில் ஆறு பேர், கொள்கையில் தங்களோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரே வேண்டும் என்றிருக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்பதை எப்படி அறிகிறீர்கள்? ஜனவரி 14 டெமாயின் விவாதத்தில் வாரன் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: மேடையில் நின்ற ஆண்கள் அனைவரும் சேர்ந்து பத்துத் தேர்தல்களில் தோற்றவர்கள், நின்ற தேர்தல்கள் எல்லாவற்றிலும் வென்றவர்கள் அவரும் குளோபுஷாரும் மட்டுமே. அப்படியிருந்தும் பெண் வேட்பாளரைத்தான் "ஆபத்து" என்கிறோம்.

பழையஏடு
12 பிப்ரவரி 2020, காலை 10.40

நல்ல கேள்வி, சகோதரி. நான் பிட்ஸ்பர்கில் இருக்கிறேன். குடியுரிமை பெற்ற பிறகு நான் முதலில் வாக்களித்தது 1984-ல், நம் கட்சியின் அதிபர் வேட்பாளர் வால்ட்டர் மாண்டேலுக்கு. மனதார வாக்களித்தேன். அவர் 49 மாநிலங்களில் தோற்றார். 1988-ல் டுகாகிஸ். மாநாடு முடிந்த கையோடு வந்த கணிப்பில் 17 புள்ளி முன்னிலை; நவம்பரில் 40 மாநிலங்களில் தோல்வி. இடையில் என்ன நடந்தது என்றால், மூன்று மாதம் எதிர்ப்பு விளம்பரங்கள் ஓடின. அவ்வளவுதான்.

ஆகவே "இன்றைய கணிப்பில் சாண்டர்ஸ் டிரம்பைவிட முன்னிலையில் இருக்கிறார்" என்று யாராவது எழுதினால் என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை. அவர்மீது குடியரசுக் கட்சி இன்னும் ஒரு விளம்பரம்கூட முழுமூச்சாக ஓட்டவில்லை. ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் மேற்குப் பென்சில்வேனியாவில் வந்து பாருங்கள். பாறைப்பிளப்பு முறையில் எரிவாயு எடுப்பதை முழுவதுமாகத் தடை செய்வோம் என்று சாண்டர்ஸும் வாரனும் சொல்லியிருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு அது சரியாகவே இருக்கட்டும். இங்கே வாஷிங்டன் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) அந்தக் கிணறுகளை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 2016-ல் நாம் பென்சில்வேனியாவை இழந்தது 44,292 வாக்குகளில்.

சகோதரி கேட்ட ஆளை நான் சந்தித்திருக்கிறேன். என் தெருவிலேயே இருக்கிறார். ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்தவர், பிறகு டிரம்புக்கு. பைடன் என்றால் யோசிப்பேன் என்கிறார். என் அளவுகோல் இதுதான்.

செம்மண்
12 பிப்ரவரி 2020, பிற்பகல் 1.05

ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வரலாறு பாதி வரலாறு.

2004-ல் "பாதுகாப்பான தேர்வு" ஜான் கெர்ரி. போர்வீரர், பதக்கம் வாங்கியவர், புஷ்ஷால் அவரைத் தொட முடியாது என்றார்கள். ஹோவர்ட் டீனை நேசித்தவர்கள்கூட அயோவாவில் கெர்ரிக்குப் போட்டார்கள். அந்தப் போர்ச் சேவையையே குறிவைத்து விளம்பரம் எடுத்தார்கள், கெர்ரி தோற்றார். 2016-ல் ஹிலாரி. "அனுபவம் உள்ளவர், வெல்லக்கூடியவர்." அதுவும் தோல்வி. 2008-ல் ஒரு கறுப்பரை, அதுவும் அப்படி ஒரு பெயர் உள்ளவரை, இந்த நாடு தேர்ந்தெடுக்காது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை முடிவு செய்பவை) வாங்கினார். எதிர்முகாமைப் பாருங்கள். 1980-ல் ரீகன் தீவிர வலதுசாரி, தேறமாட்டார் என்றார்கள். 44 மாநிலங்களில் வென்றார். டிரம்ப் தேறமாட்டார் என்று அவர் கட்சியின் பெரியவர்களே சொன்னார்கள்.

வெல்லக்கூடியவர் என்று கட்சித் தலைமை கைகாட்டியவர் தோற்பதும், முடியாது என்று ஒதுக்கப்பட்டவர் வெல்வதும் இத்தனை முறை நடந்திருக்கிறது. பிறகும் அதே கையைத்தான் பார்க்க வேண்டுமா?

ஆஸ்டினில் வீடுவீடாகப் போய்க் கதவு தட்டுகிறேன். இருபத்திரண்டு வயதில் இரண்டு வேலை பார்க்கிற, மருத்துவக் காப்பீடு இல்லாத ஒருவனை வாக்குச்சாவடிக்கு வரவழைக்கக்கூடிய ஒரே பெயர் சாண்டர்ஸ். உங்கள் தெருவில் இருப்பவரை எல்லோரும் எண்ணுகிறார்கள். இவனை யாரும் எண்ணுவதில்லை.

பழையஏடு
12 பிப்ரவரி 2020, பிற்பகல் 2.20

தம்பி, 1972-ஐ விட்டுவிட்டாய். நம் வேட்பாளர் மெக்கவர்னுக்குத் திரண்ட இளைஞர்கள் உன்னைப் போலவே உறுதியாக இருந்தார்கள். பதினெட்டு வயதினர் வாக்களித்த முதல் அதிபர் தேர்தல் அது. முடிவு: நிக்சனுக்கு 520 தேர்வாளர் வாக்குகள், மெக்கவர்னுக்கு 17.

கணக்கன்
13 பிப்ரவரி 2020, இரவு 9.30

நான் மிச்சிகனில் இருக்கிறேன். நீங்கள் இருவரும் இரண்டு வேறு கவுண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

2016-ல் மிச்சிகனில் டிரம்ப் வென்ற வித்தியாசம் 10,704 வாக்குகள். டெட்ராய்ட்டுக்கு வடக்கே மக்கோம் கவுண்டி இருக்கிறது. வெள்ளையினத் தொழிலாளர்கள் அதிகம். ஒபாமாவுக்கு இரண்டு முறையும் வாக்களித்த அந்தக் கவுண்டி 2016-ல் டிரம்புக்கு 48,000-க்கும் மேல் முன்னிலை தந்தது. பழையஏடு ஐயாவின் தெருக்காரர் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்.

டெட்ராய்ட் நகரம் இருப்பது வேன் கவுண்டியில். 2012-ல் ஒபாமா அங்கே வாங்கியதைவிட 2016-ல் ஹிலாரி ஏறத்தாழ 76,000 வாக்குகள் குறைவாக வாங்கினார். அந்த வாக்குகளில் பெரும்பகுதி டிரம்புக்குப் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டது. செம்மண் சொல்லும் ஆள் அங்கே இருக்கிறார்.

மக்கோமில் பாதியை மீட்டாலும் மாநிலம் நம்முடையது. வேனில் ஏழில் ஒரு பங்கை மீட்டாலும் நம்முடையது. வித்தியாசம் இவ்வளவு குறுகலாக இருக்கும்போது எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது சரியாகத் தெரியும். அதனால்தான் இந்த வாதம் நான்கு ஆண்டுகளாக முடியாமல் இருக்கிறது.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வாக்களிக்கும் பழக்கம் உள்ளவர் மனம் மாறினால் நமக்கு ஒன்று கூடும், எதிரிக்கு ஒன்று குறையும். வராதவரை வரவழைத்தால் நமக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான். 2018-ல் நாடாளுமன்றக் கீழவையில் குடியரசுக் கட்சியிடமிருந்து நாம் பறித்த தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் நின்றவர்கள் மிதவாதிகள்.

செம்மண்
13 பிப்ரவரி 2020, இரவு 10.15

கணக்கன், அதே 2018-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் கேட்டி போர்ட்டர் வென்றாரே. அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, பரம்பரை பரம்பரையாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த இடத்தில் வென்றார். "பெரும்பாலானவை" என்று சொல்லும்போது, தலைமை யாருக்குப் பணமும் ஆளும் அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்கன்
13 பிப்ரவரி 2020, இரவு 10.40

போர்ட்டர் நல்ல எடுத்துக்காட்டு, ஏற்கிறேன். ஆனால் அவர் தொகுதி படித்த, வசதியான புறநகர். மக்கோம் அப்படி அல்ல.

விசாவாசி
14 பிப்ரவரி 2020, காலை 7.50

நான் எச்-1பி விசாவில் இருப்பவன், எனக்கு வாக்கு இல்லை. ஆனாலும் இந்தத் தேர்தலின் முடிவு என் பச்சை அட்டை வரிசையைப் பாதிக்கும் என்பதால் ஒவ்வொரு விவாதத்தையும் பார்க்கிறேன். தொலைக்காட்சியைப் போட்டால் நியூயார்க்கின் முன்னாள் மேயர், பெரும் கோடீஸ்வரர் ப்ளூம்பெர்கின் விளம்பரம், யூடியூபைத் திறந்தாலும் ப்ளூம்பெர்க். முதல் நான்கு மாநிலங்களில் போட்டியிடவே இல்லை. ஆனால் அலுவலகத்தில் பலர் "டிரம்பை வீழ்த்தப் பணக்காரர்தான் வேண்டும்" என்கிறார்கள். அவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாமா?

கமலா ஹாரிஸ் விலகியது எனக்கு வருத்தம். ஓக்லாந்தில் அவ்வளவு பெரிய கூட்டத்தோடு தொடங்கியவர், முதல் வாக்கு விழுவதற்கு முன்பே டிசம்பர் 3 அன்று நிறுத்திக்கொண்டார். தாயார் சியாமளா கோபாலன் நம் ஊர்க்காரர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. ஜூன் விவாதத்தில் பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்ட துணிவு வேறு யாரிடமும் இல்லை.

ரிச்மண்ட்வாசி
14 பிப்ரவரி 2020, பகல் 12.10

ஹாரிஸ் பணம் தீர்ந்துதான் விலகினார். ஆனால் பணம் ஏன் தீர்ந்தது? வெல்லமாட்டார் என்ற பேச்சு பரவினால் நன்கொடை நிற்கும். நன்கொடை நின்றால் அலுவலகங்கள் மூடும். மூடினால் கணிப்பில் இறங்குவார். பிறகு "பார்த்தீர்களா, சொன்னோமே" என்பார்கள். ஊகம் தன் சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ப்ளூம்பெர்கிடம் நடப்பது இதன் மறுபக்கம். விளம்பரம் பார்த்து மக்கள் வெல்லக்கூடியவர் என்று நினைக்கிறார்கள். நினைப்பதால் கணிப்பில் ஏறுகிறார். ஏறியதால் விவாத மேடையில் இடம் கிடைக்கிறது. ஒரு மாநிலத்திலும் இன்னும் அவர் போட்டியிட்டுப் பார்க்கவில்லை!

விசாவாசி
20 பிப்ரவரி 2020, காலை 7.30

நேற்றைய லாஸ் வேகஸ் விவாதத்தைப் பார்த்தீர்களா? வெளியே பேசமாட்டோம் என்று உங்களோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்ட பெண்களைப் பேச விடுவீர்களா என்று வாரன் கேட்டபோது ப்ளூம்பெர்கிடம் பதில் இல்லை. நியூயார்க்கில் கறுப்பின இளைஞர்களை நிறுத்திச் சோதனை போட்ட விவகாரத்திலும் அதே நிலை. பணத்தால் வெல்லலாம் என்று சொன்ன அலுவலக நண்பர்கள் இன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாலைமணல்
23 பிப்ரவரி 2020, காலை 9.00

லாஸ் வேகஸிலிருந்து எழுதுகிறேன். நேற்று எங்கள் நெவாடா மாநிலத்தில் நடந்த காகஸில் (வாக்காளர்கள் நேரில் கூடி, தாங்கள் ஆதரிப்பவர் பக்கம் போய் நிற்கும் முறை) நானும் இருந்தேன்.

இங்கே சமையல், விடுதித் தொழிலாளர் சங்கம்தான் கட்சிக்கு முதுகெலும்பு. அறுபதாயிரம் உறுப்பினர்கள். பல ஆண்டுகள் போராடி வாங்கிய நல்ல மருத்துவத் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. தனியார் காப்பீட்டுக்குப் பதிலாக எல்லோருக்கும் அரசுக் காப்பீடு என்று சொல்லும் சாண்டர்ஸ் வந்தால் அது பறிபோகும் என்று சங்கமே துண்டறிக்கை கொடுத்தது. ஆகவே சாண்டர்ஸ் இங்கே அடிபடுவார் என்று எல்லோரும் எழுதினார்கள். நடந்தது என்ன? பெரிய சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே நடந்த காகஸ்களில், சீருடையோடு வந்த தொழிலாளர்கள் சாண்டர்ஸ் பக்கம் போய் நின்றார்கள். ஒரு பெண்மணி சொன்னதை மறக்க முடியவில்லை: "என் காப்பீடு நல்ல காப்பீடுதான். என் தங்கைக்கு ஒன்றுமே இல்லை."

லத்தீன் அமெரிக்க வாக்காளர்களில் பாதிப்பேர் சாண்டர்ஸ் பக்கம். மாநிலம் முழுவதும் பார்த்தால் 46 சதவீதத்தைத் தாண்டுகிறார். பைடன் இருபதை ஒட்டி நிற்கிறார். இத்தனை நாளும் வெற்றி வாய்ப்பு என்று பேசியபோது அதில் ஒரு லத்தீன் முகம் இருந்ததா என்று பாருங்கள். இருந்ததெல்லாம் பென்சில்வேனியாவின் எரிவாயுத் தொழிலாளி.

செம்மண்
23 பிப்ரவரி 2020, காலை 9.25

மூன்று மாநிலங்கள், மூன்றிலும் மக்கள் வாக்கில் சாண்டர்ஸ் முதலிடம். டெக்சஸில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. நான் போட்டுவிட்டேன். இனியும் "தேறமாட்டார்" என்பவர்கள் பயத்தால் பேசுகிறார்கள், அல்லது தங்கள் காப்பீட்டு நிறுவனப் பங்குகளுக்காகப் பேசுகிறார்கள்.

பழையஏடு
23 பிப்ரவரி 2020, இரவு 9.10

என்னிடம் எந்தப் பங்கும் இல்லை, தம்பி. ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த ஆட்சி இன்னும் நான்கு ஆண்டுகள் நீடிப்பதைவிட, எனக்கு முழுதும் ஒப்பாத ஒரு மிதவாதி வருவது மேல் என்று நினைக்கிறேன். அதற்காக என் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மட்டுறுத்துநர்
23 பிப்ரவரி 2020, இரவு 9.30

எதிரில் எழுதுபவரின் நோக்கத்தைத் தாக்க வேண்டாம். வாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆர்லாண்டோகாரர்
24 பிப்ரவரி 2020, காலை 8.40

நேற்றைய தொலைக்காட்சிப் பேட்டியில் சாண்டர்ஸ், காஸ்ட்ரோவின் எழுத்தறிவுத் திட்டத்தைப் பற்றி நல்லதாக ஒரு வரி சொன்னார். சர்வாதிகாரத்தைக் கண்டிக்கவும் செய்தார்தான். ஆனால் மியாமியில் அந்தக் கண்டனத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கியூபாவிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பாலைமணல் சொன்ன லத்தீன் வாக்காளர் வேறு, இவர்கள் வேறு. 2016-ல் ஃபுளோரிடாவை நாம் இழந்தது 1.13 லட்சம் வாக்குகளில்.

தெற்குக்காற்று
27 பிப்ரவரி 2020, காலை 6.45

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று எங்கள் மாநிலத்தின் மூத்த கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்துப் பேசியதைப் பார்த்த பிறகு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஓர் இறுதிச் சடங்கில் முன்வரிசையில் இருந்த மூதாட்டி தன்னை அருகில் அழைத்து, யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்று கேட்டதாகக் கிளைபர்ன் சொன்னார். ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அதை இங்கே ஓய்வறையில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம்.

அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் வாக்களிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள். இங்கே ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். இவர்கள் பைடன் பக்கம் நிற்பதைப் பார்த்துச் சிலர் "தலைமை சொல்வதைக் கேட்கிறார்கள்", "தங்கள் நலன் எதுவென்று புரியவில்லை" என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சாண்டர்ஸின் திட்டங்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் மேற்பார்வையாளர் அவற்றில் பாதியை ஆதரிக்கிறார். ஆனால் அவர் சொல்கிறார்: "வெள்ளைக்காரர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள், யாருக்கு வாக்களிக்கவே மாட்டார்கள் என்பதை நாங்கள் வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்திருக்கிறோம். அந்தக் கவனிப்பு இல்லாமல் இங்கே உயிரோடு இருக்க முடியாது."

2015 ஜூனில் இதே ஊரில் இமானுவேல் தேவாலயத்தில் வேதப்பாடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேர் இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்னோடு வேலை செய்யும் பலருக்கு அவர்கள் தெரிந்தவர்கள். வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பது இவர்களுக்குக் கருத்தரங்கப் பொருள் அல்ல. தோற்றால் முதலில் அடி விழுவது இவர்கள்மீது. ரிச்மண்ட்வாசி கேட்டார், ஊகத்தை நம்பி ஏன் வாக்களிக்க வேண்டும் என்று. இவர்களுடையதை ஊகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ரிச்மண்ட்வாசி
27 பிப்ரவரி 2020, காலை 9.20

தெற்குக்காற்று, இந்த இழையிலேயே இதுதான் எனக்கு மிகவும் தேவைப்பட்ட பதிவு. என் புறநகர் நண்பர்கள் செய்வதும் உங்கள் மேற்பார்வையாளர் செய்வதும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதே தென் கரோலினாவில் 2007-ல் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பகுதி ஹிலாரியோடு இருந்தது. வெள்ளையர்கள் ஒபாமாவுக்கு வாக்களிக்கமாட்டார்கள் என்பதும் வாழ்நாள் கவனிப்பில் வந்த முடிவுதான். 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் அவர் வென்றதும் எல்லாம் தலைகீழாக மாறியது. கவனிப்பு உண்மை, ஆனால் நேற்றுவரை நடந்ததைத்தான் அது காட்டும். யாராவது ஒருவர் அதை மீறி முதலில் வாக்களிக்காவிட்டால் நாளை நடக்கக்கூடியது நமக்குத் தெரியவே வராது.

தெற்குக்காற்று
27 பிப்ரவரி 2020, பிற்பகல் 1.15

முதலில் வாக்களித்து அதைக் காட்டும் பொறுப்பு அயோவாவின் வெள்ளையர்களுக்குத்தான் இருந்தது. அவர்கள் 2008-ல் காட்டினார்கள், இவர்கள் நம்பினார்கள். இந்த முறை வாரனுக்கு அங்கே மூன்றாம் இடம்தான். இவர்கள் எதைப் பார்த்து நம்ப வேண்டும்?

கணக்கன்
2 மார்ச் 2020, இரவு 8.50

எல்லோரும் மூச்சு விடுவதற்குள் எத்தனை நடந்துவிட்டது! சனிக்கிழமை தென் கரோலினாவில் பைடன் 48 சதவீதத்துக்கு மேல். 46 கவுண்டிகளிலும் முதலிடம். மூன்று முறை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர் ஒரு பிரைமரி மாநிலத்தை வெல்வது இதுதான் முதல் தடவை. ஞாயிறு புட்டிஜெஜ் விலகினார். இன்று குளோபுஷாரும் விலகி, இருவரும் டல்லஸில் பைடனுக்கு ஆதரவு தெரிவிக்கிறார்கள்.

15 சதவீதத்துக்குக் கீழே வாங்குபவருக்குப் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) கிடையாது என்பது விதி. மிதவாத வாக்கு நான்காகப் பிரிந்திருந்தால் நாளை வாக்களிக்கும் பல மாநிலங்களில் சாண்டர்ஸ் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார். இப்போது கணக்கே வேறு.

செம்மண்
2 மார்ச் 2020, இரவு 9.15

அயோவாவில் அதிகப் பிரதிநிதிகளை வாங்கிய ஒருவர், ஒரு மாதம்கூட ஆகாமல், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு நாளில் விலகுகிறார். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் அவருக்கு முன்கூட்டியே வாக்களித்தவர்களின் வாக்கு வீண். மக்கள் வெற்றி வாய்ப்பை எடைபோடுகிறார்கள் என்கிறீர்கள். எடைபோட வேண்டிய தட்டில் இருந்தவர்களையே எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதா?

பழையஏடு
2 மார்ச் 2020, இரவு 10.00

விலகுவதும் அரசியல்தான், தம்பி. 2016-ல் குடியரசுக் கட்சியில் யாரும் நேரத்துக்கு விலகாததால்தான் டிரம்ப் வேட்பாளர் ஆனார்.

ரிச்மண்ட்வாசி
4 மார்ச் 2020, காலை 7.00

வாரனுக்கு வாக்களித்தேன். வர்ஜீனியாவில் பைடன் 53 சதவீதம், சாண்டர்ஸ் 23. வாரன் தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாம் இடம். பைடன் அங்கே பிரச்சாரம் செய்யவே போகவில்லை, வென்றார். மினசோட்டாவிலும் அப்படியே.

எனக்குப் பிடித்தவர் தோற்றாலும் எங்கள் மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 பிரைமரியில் இங்கே வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 7.85 லட்சம். நேற்று 13 லட்சத்தைத் தாண்டியது. என் வாக்குச்சாவடியில் இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் புறநகர்க்காரர்கள், நடுவயதினர். வராதவரை வரவழைப்பது என்று செம்மண் சொன்னார், வந்தார்கள். ஆனால் அவர் எதிர்பார்த்தவர்கள் அல்ல.

செம்மண்
4 மார்ச் 2020, இரவு 11.20

அது எனக்கு வலிக்கிறது, ஆனால் உண்மை. இளைஞர்களை நாங்கள் நினைத்த அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்று சாண்டர்ஸே இன்று சொன்னார்.

இதையும் பதிவு செய்யுங்கள். ஹூஸ்டனில் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழக வாக்குச்சாவடியில் நள்ளிரவைத் தாண்டியும் வரிசை நின்றது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் ஆறு மணி நேரம் நிற்க முடியுமா? முடியாதவர் திரும்பிப் போனால் "இளைஞர்கள் வரவில்லை" என்று கணக்கு எழுதுகிறீர்கள். டெக்சஸில் வாக்களித்த ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிக்கும் மேல், தனியார் காப்பீட்டுக்குப் பதிலாக அரசுக் காப்பீடு வேண்டும் என்றிருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு ஆதரவு, அதை முன்வைத்தவருக்கு வாக்கு இல்லை. ரிச்மண்ட்வாசி முதல் நாள் சொன்னது வாரனுக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும் நடந்திருக்கிறது.

கணக்கன்
11 மார்ச் 2020, காலை 6.30

மிச்சிகன்: பைடன் 53, சாண்டர்ஸ் 36. 83 கவுண்டிகளிலும் பைடன். 2016-ல் இதே மாநிலத்தில் கணிப்புகளை எல்லாம் பொய்யாக்கி ஹிலாரியைத் தோற்கடித்தவர் சாண்டர்ஸ். அன்று அவருக்கு விழுந்த கிராமப்புற வெள்ளையின வாக்கில் ஒரு பகுதி அவருக்காக விழுந்தது அல்ல, ஹிலாரிக்கு எதிராக விழுந்தது என்று இப்போது நினைக்கிறேன். மக்கோம், வேன் இரண்டும் நேற்று ஒரே பக்கம் போயின. பிரைமரியை வைத்து நவம்பரைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ரிச்மண்ட்வாசி
12 மார்ச் 2020, காலை 8.00

நேற்று பர்லிங்டனில் சாண்டர்ஸ் பேசியதைக் கேட்டீர்களா? கொள்கை விவாதத்தில் வெல்கிறோம், இளைய தலைமுறை எங்களோடு இருக்கிறது, ஆனால் வெற்றி வாய்ப்பு பற்றிய விவாதத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்றார். உங்கள் திட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் ஜோதான் டிரம்பை வெல்வார் என்று நாடெங்கும் மக்கள் தன்னிடம் சொல்வதாகச் சொன்னார். ஒரு வேட்பாளர் தன் வாயாலேயே இதை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பைடன் நவம்பரில் வென்றால் இந்த வாக்காளர்கள் சரியாக எடைபோட்டார்கள் என்று எழுதுவார்கள். தோற்றால் கெர்ரியோடும் ஹிலாரியோடும் சேர்த்துவிடுவார்கள். சாண்டர்ஸோ வாரனோ நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்த முடிவும் சான்றாகாது. அதனால் வாரன் தோற்றிருப்பார் என்று யாரும் எனக்கு நிரூபித்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பழையஏடு
12 மார்ச் 2020, காலை 9.45

ஒப்புக்கொள்ள வேண்டாம், சகோதரி. செம்மண் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். நவம்பரில் பைடனுக்கு வாக்களிப்பாயா?

செம்மண்
12 மார்ச் 2020, பகல் 12.30

வாக்களிப்பேன், ஐயா. 2016-க்குப் பிறகு அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் நான் கதவு தட்டிய வீடுகளுக்கு மறுபடி போக வேண்டுமானால் கையில் எதையாவது கொடுங்கள். கல்விக்கடனைப் பற்றிப் பைடன் என்ன சொல்கிறார், காப்பீடு இல்லாதவனுக்கு என்ன சொல்கிறார்? "டிரம்ப் இல்லை" என்பது உங்கள் தெருக்காரருக்குப் போதுமானதாக இருக்கலாம். இவனுக்குப் போதாது.

பழையஏடு
12 மார்ச் 2020, பிற்பகல் 2.10

நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இருவர் மட்டும் நிற்கும் விவாதம் இருக்கிறது. வைரஸ் பரவலால் பார்வையாளர்கள் இல்லாமல் நடத்துகிறார்கள். இந்த இரண்டையும் சாண்டர்ஸ் அங்கே நேராகக் கேட்க வேண்டும், பைடன் பதில் சொல்லியாக வேண்டும். கேட்காமல் விட்டால் திங்கட்கிழமை நான் பைடனின் பிரச்சார அலுவலகத்துக்கு எழுதுகிறேன். கடிதத்தை இங்கே போடுகிறேன், நீங்கள் திருத்துங்கள்.